தட்டில் வைத்த ஐம்பது ரூபாய்

“அக்கா, தட்டுல வைக்காத. அவரு கையில குடு.”

தம்பி குனிந்து மெதுவாகத்தான் சொன்னான். பெங்களூரு விமான நிலையத்திலிருந்து தர்மபுரிக்கு வரும் வழியில், கிருஷ்ணகிரி தாண்டி, காவேரிப்பட்டணத்துக்கு முன்னால் சாப்பிட நிறுத்தியிருந்தோம். சோம்பும் கற்கண்டும் வைத்து வந்த பில் தட்டில் ஐம்பது ரூபாயை மடித்து வைத்திருந்தேன். அந்தத் தட்டு நேராகக் கல்லாவுக்குப் போகுமாம். கல்லாவில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. அதில் விழுவதை மாதக் கடைசியில் எல்லாருக்கும் பிரித்துக் கொடுப்பதாகப் பேச்சு. எவ்வளவு விழுந்தது என்று எண்ணிப் பார்ப்பவர் முதலாளி ஒருவர்தான்.

கை கழுவும் இடத்தில் அந்த சப்ளையரிடம் கொடுத்தேன். அரூர்ப் பக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். எங்கள் டிரைவர் இன்னும் சாப்பிட்டு முடிக்காததால் கொஞ்ச நேரம் பேச முடிந்தது. “மாசம் பன்னெண்டாயிரம்னு சொல்லித்தான் சேத்தாங்கக்கா. மொத மாசம் ஒம்பதாயிரத்து ஐநூறு கையில வந்துச்சு. மிச்சம் எங்கேன்னு கேட்டா, அது டிப்ஸ்ல வந்துடும்ங்கறாங்க.” முன்பெல்லாம் உண்மையாகவே வந்துவிடுமாம். இப்போது சாப்பிட்டவர்கள் கல்லாவில் ஸ்கேன் செய்துவிட்டு அப்படியே காருக்குப் போய்விடுகிறார்கள். கையில் சில்லறை வைத்திருப்பவர் யார்? டிப்ஸ் குறைந்தது, அதை நம்பிச் சொன்ன சம்பளமும் குறைந்தது. பக்கத்தில் மேசை துடைத்துக்கொண்டிருந்த ஒடிசாப் பையனுக்கு அந்தக் குறைந்ததும் கிடையாது. அவன் யாருக்கும் இலை போடுவதில்லை, பில் கொண்டுவருவதில்லை, அதனால் அவனை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

‘டிப்ஸ்ல வந்துடும்’ என்ற அந்த ஒரு சொல் ஊரில் இருந்த ஐந்து வாரமும் என்னை விடவில்லை. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியும். நாங்கள் இருப்பது டெக்சாஸில். மகள் கல்லூரியில் படித்துக்கொண்டே சனி ஞாயிறு ஓர் உணவகத்தில் பரிமாறுகிறாள். அவளுடைய முதல் பே ஸ்லிப்பைப் பார்த்தபோது ஏதோ அச்சுப் பிழை என்றுதான் நினைத்தேன். ஒரு மணி நேரத்துக்கு 2.13 டாலர். பிழை இல்லை, சட்டம்தான். அமெரிக்காவில் டிப்ஸ் வாங்கும் வேலைக்கு மத்திய அரசின் அடிமட்டக் கூலி அது, 1991இலிருந்து ஒரு சென்ட்கூட ஏறவில்லை. மற்ற வேலைகளுக்கு 7.25 டாலர், அதுவும் 2009இல் நின்றுபோனது. இடையில் உள்ள தொகை டிப்ஸில் வரவேண்டும், வராவிட்டால் முதலாளி போட்டு நிரப்ப வேண்டும் என்று விதி. கலிபோர்னியா, வாஷிங்டன் மாதிரிச் சில மாநிலங்களில் டிப்ஸைக் காட்டிக் கூலியைக் குறைக்கும் இந்த ஏற்பாடு கிடையாது. டெக்சாஸில் உண்டு. மழை பெய்து ஆள் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்திருந்த முகம் எனக்கு மறக்காது. வந்தவர்களிடமெல்லாம் நாள் முழுக்கச் சிரித்தே ஆகவேண்டும், அந்தச் சிரிப்புக்கு எதிரில் இருப்பவர் பார்த்துக் கொடுப்பதுதான் கூலி. அங்கே நாங்கள் 18, 20 சதவீதம் வைப்பதைத் தாராளம் என்று இங்கே உறவுக்காரர்கள் நினைக்கிறார்கள். அது முதலாளி தராத சம்பளத்தை நாங்கள் தருவது.

அதனால் தர்மபுரியிலும் அதே பேச்சு ஆரம்பிக்கிறது என்று கேட்டதும் வயிறு கலங்கியது.

இந்தியாவில் சட்டம் அப்படி எழுதப்படவில்லை, அது ஒரு நிம்மதி. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தை வைத்துத் தமிழ்நாட்டில் ஓட்டல்களுக்கும் தனியார் மருத்துவமனைகளுக்கும் தனித்தனியாகக் கூலி அறிவித்து வந்திருக்கிறார்கள். ஏப்ரல்தோறும் பஞ்சப்படி மாறும். டிப்ஸ் வாங்குகிறவருக்கு ஒரு கூலி, வாங்காதவருக்கு ஒரு கூலி என்று அதில் பிரிவு இல்லை. டிப்ஸ் என்பது வாடிக்கையாளர் விரும்பிக் கொடுப்பது, அது முதலாளி தரும் சம்பளம் ஆகாது என்று 2016இல் ஒரு வருமான வரி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அப்புறம், பெரிய நகரத்து உணவகங்களில் பில்லிலேயே சேர்த்துவிடும் சர்வீஸ் சார்ஜ். அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னதை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. நம் ஊர் ஓட்டல்களில் அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. வந்தால் அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்று கேளுங்கள்.

நான் வந்த டாக்சி விஷயத்திலும் கேட்டுத்தான் தெரிந்தது. பில்லில் ‘டிரைவர் பேட்டா 400’ என்று தனி வரி இருந்தது. அது அவருக்குத்தான் போகிறது என்று நம்பி நன்றி சொல்லி இறங்கப் போனேன். தம்பி கேட்டதும்தான் சொன்னார், பேட்டா கம்பெனிக் கணக்கில் சேர்ந்துவிடும், அவருக்கு டிரிப்புக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. இரவெல்லாம் விமான நிலையத்து வண்டி நிறுத்தத்தில் சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தவர். பேட்டா என்பதே வெளியூரில் தங்கும் டிரைவரின் சாப்பாட்டுக்காக ஏற்பட்ட காசு. அவர் பெயரைச் சொல்லி என்னிடம் வாங்கி, அவருக்குக் கொடுக்காமல் இருப்பதை என்னால் சின்ன விஷயமாக நினைக்க முடியவில்லை.

இந்தத் தடவை ஊருக்கு வந்ததே அம்மாவின் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைக்காக. தனியார் மருத்துவமனையில் ஆறு நாள். சிகிச்சை நன்றாகவே நடந்தது, டாக்டர்களைப் பற்றி ஒரு குறையும் இல்லை. மற்றதைச் சொல்கிறேன். முதல் நாள் அம்மாவை எக்ஸ்ரேக்குக் கொண்டுபோக வந்த ஆள் ஸ்ட்ரெச்சரின் பிடியில் கை வைத்துக்கொண்டு நகராமல் நின்றார். சித்தப்பா நூறு ரூபாய் எடுத்துக் கொடுத்தபின்தான் சக்கரம் உருண்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. வலியில் படுத்திருக்கிற ஒருவரை வைத்துக்கொண்டு கேட்பதற்குப் பெயர் டிப்ஸ் இல்லை. இரண்டு நாள் கழித்து அதே ஆள், காண்ட்ராக்ட்டில் தனக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்று சொன்னார். அவர் செய்தது தப்பு. அவருக்குச் செய்யப்படுவதும் தப்பு. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை என்னால் அழிக்க முடியவில்லை.

அந்த ஆறு நாளும் அம்மாவைத் தாங்கியது வார்டு ஆயாம்மா ஒருவர். நல்லம்பள்ளிப் பக்கத்திலிருந்து வருகிறார், ஐம்பத்தைந்து வயது. காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை. பெட்பேன் வைப்பது, உடம்பு துடைப்பது, விரிப்பு மாற்றுவது, பாத்ரூம் கழுவுவது. அம்மா கூச்சப்பட்டு அழுதபோது, “எனக்கு நீ பெத்தவ மாதிரிம்மா, இதுல என்ன இருக்கு” என்று சொல்லிக்கொண்டே வேலையை முடித்துவிடுவார். ஒரு தடவைகூடக் கை நீட்டவில்லை. மூன்றாம் நாள் நானே ஐநூறு ரூபாய் கொடுத்தேன். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, யாரும் பார்க்கிறார்களா என்று வாசலைப் பார்த்தார். சூபர்வைசருக்குத் தெரிந்தால் அதில் பாதி கேட்பாராம்.

அவருடைய சம்பளம் 9,000 ரூபாய். பி.எஃப். சேமிப்புக்கும் ஈ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டுக்கும் பிடித்தது போகக் கையில் 7,850. ஞாயிறு உட்பட முப்பது நாளும் வேலை, வராத நாளுக்குப் பிடித்தம். பிடித்தத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் நாளுக்கு 300. 2025-26க்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலியே 336. பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் ஆனதால்தான் இந்த வேலைக்கு வரவே கட்டுப்படியாகிறது என்றார். 2021க்கு முன்னால் பஸ்ஸுக்கே மாதம் ஆயிரத்துக்கு மேல் போகுமாம். மருத்துவமனையில் கேட்டால் அவர் எங்கள் ஆள் இல்லை, ஏஜென்சி ஆள் என்கிறார்கள். ஏஜென்சியை அவர் பார்த்ததே இல்லை. மாதம் ஒரு தடவை சூபர்வைசர் ஒரு துண்டுச் சீட்டு தருவார். அதையெல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்திருப்பதாகச் சொன்னார்.

வீட்டில் இதைப் பற்றிப் பேசினால் சண்டைதான். “நீ டாலர்ல சம்பாதிக்கற, ஐநூறைக் குடுத்துட்டுப் போயிடுவ. நாளைக்கு நாங்க அம்பது குடுத்தா மூஞ்சியச் சுளிப்பாங்க” என்றார் சித்தப்பா. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, யோசித்துப் பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து நாலு வாரம் வந்து போகிறவர்கள் அள்ளிக் கொடுத்தால் மீதி நாற்பத்தெட்டு வாரத்துக்கு அவர்களுக்கு என்ன கிடைக்கும்? நமக்கு மனது நிறைந்துவிடும், அவ்வளவுதான். அன்றிலிருந்து நோட்டை எடுப்பதற்கு முன்னால் சம்பளம் எவ்வளவு என்று கேட்க ஆரம்பித்தேன்.

அம்மா வீட்டுக்கு வந்ததும் உறவுக்காரர்களுக்கு ஒரு சாப்பாடு போட்டோம், அறுபது இலை. சமையல் காண்ட்ராக்டரிடம், பரிமாறவும் பாத்திரம் தேய்க்கவும் வரும் ஐந்து பெண்களுக்கு எவ்வளவு என்று கேட்டேன். விடியற்காலை ஐந்திலிருந்து மதியம் மூன்று வரை 350 ரூபாய். ஆளுக்கு 600 என்று கணக்கில் எழுதுங்கள், நான் தருகிறேன், தனியாக டிப்ஸ் தரமாட்டேன் என்றேன். மொத்தத்தில் 1,250 ரூபாய்தான் கூடுதல். அவர் முகம் வாடிவிட்டது. “அடுத்த வூட்லயும் இதே கேப்பாங்களேம்மா.” கேட்கட்டும் என்றுதானே சொன்னேன். நல்ல மனிதர் அவர், கடைசியில் என் முன்னாலேயே 600 எண்ணிக் கொடுத்தார். அடுத்த வீட்டில் என்ன ஆனது என்று பார்க்க நான் இங்கே இல்லை.

டிப்ஸே இல்லாத வேலைகளும் கண்ணில் படத் தொடங்கின. புடவை எடுக்கப் போன கடையில் ஒரு பெண் எனக்காக நாற்பது புடவை பிரித்துப் போட்டுத் திரும்ப மடித்தாள். யாரும் புடவைக் கடையில் டிப்ஸ் வைப்பதில்லை. கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021லேயே சட்டம் திருத்தியது. அந்த மாடியில் ஒரு ஸ்டூல் இருந்தது, அதன்மேல் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒகேனக்கல்லுக்குத் தம்பி பிள்ளைகளைக் கூட்டிப்போன அன்று காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடி, பரிசலுக்குத் தடை. பரிசல்காரர்களும் எண்ணெய் மசாஜ் செய்பவர்களும் மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். “ஆத்துல தண்ணி வந்தா ஊருக்கெல்லாம் சந்தோசம். எங்களுக்கு அடுப்பு எரியாது” என்றார் ஒருவர். போன தடவை பரிசலில் இறங்கும்போது ‘மேல பாத்துக் குடுங்க’ என்று கேட்டார்கள் என்று நான் முணுமுணுத்தது நினைவுக்கு வந்தது.

நான் கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால் ஆயாம்மா அம்மாவைப் பார்க்க வீட்டுக்கு வந்தார், ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு. மஞ்சள் பையையும் எடுத்து வரச் சொல்லியிருந்தேன். சீட்டுகளைத் தரையில் பரப்பி மாத வாரியாக அடுக்கினோம். ஒவ்வொன்றிலும் பி.எஃப். 1,080 என்று பிடித்தம் இருந்தது. பி.எஃப். கணக்கில் பதிந்த போனிலிருந்து 9966044425க்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாகக் கட்டிய தொகையும் இருப்பும் மெசேஜில் வரும். அவருடைய பட்டன் போனிலிருந்து கொடுத்தோம். இரண்டு ரிங் போய்த் தானாகக் கட்டானது. கொஞ்ச நேரத்தில் மெசேஜ் வந்தது. கடைசியாகப் பணம் கட்டியது 2024 மே மாதத்துக்கு. நாங்கள் உட்கார்ந்திருந்தது 2025 ஜூலையில். நடுவில் பதின்மூன்று மாதச் சீட்டுகள் தரையில் கிடந்தன. அவருடைய பங்கு மட்டும் 14,040 ரூபாய். முதலாளி பங்கு தனி.

புகார் எழுதலாமா என்று கேட்டேன். ரொம்ப நேரம் சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் மட்டும் கேட்டா நாளைக்கு வராதன்னுடுவாங்க பாப்பா. மத்தவங்களுக்கும் பாக்கலாம்.” எந்த நம்பருக்குக் கொடுப்பது என்று சீட்டின் பின்பக்கம் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். கிளம்பும்போது எடுத்து வைத்திருந்த கவரையும் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

மறுநாள் இரவு எட்டு மணிக்கு போன். பஸ் ஸ்டாண்டு சத்தம் கேட்டது.

“பாப்பா, இன்னும் மூணு பேரு குடுத்துப் பாத்தோம். மூணு பேத்துக்கும் அதே மே மாசம்தான்.”