தேக்காவில் வாங்கிய நடைவண்டி

எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கிற, கையை விட்டால் பொத்தென்று உட்கார்ந்துவிடுகிற வயதில் வீட்டில் பிள்ளை இருந்தால் இதைப் படியுங்கள். என் பேரனுக்கு ஒன்றே கால் வயது. இங்கே சிங்கப்பூரில், தேக்கா வட்டாரத்துக் கேம்பல் லேன் பக்கம் ஒரு கடையில் அவனுக்கு மர நடைவண்டி வாங்கினேன். நாற்பது வெள்ளிக்கு மேல் ஆனது. ஊரில் இந்தக் காசுக்கு இரண்டு வாங்கலாம் என்று வீட்டுக்காரர் முணுமுணுத்தார். விமானத்தில் சுமந்து வரப்போவது அவரா?

வண்டியில் பெரிதாக ஒன்றும் கிடையாது. மூன்று மரச் சக்கரம், ஒரு சட்டம், பிள்ளை பிடித்துக்கொள்ள நெஞ்சளவு உயரத்தில் ஒரு குறுக்குக் கட்டை, அவ்வளவுதான். பேட்டரி இல்லை, பாட்டு இல்லை. வீட்டில் ஏற்கெனவே ஒரு பிளாஸ்டிக் மேசை இருக்கிறது; பட்டனை அமுக்கினால் மாடு கத்தும், விளக்கு எரியும். பேரன் அமுக்குவான், மாடு கத்தும், அவன் வேறு பக்கம் போய்விடுவான். நடைவண்டியை அப்படி விடுவதில்லை. கூடத்திலிருந்து தள்ளிக்கொண்டே போவான், சமையலறையில் குளிர்சாதனப் பெட்டியில் போய் முட்டும். முறைத்துப் பார்ப்பான். பிறகு தன் பின்பக்கத்தைத் தள்ளிக்கொண்டு, வண்டியை முக்கி முக்கி இழுப்பான். முதல் தடவை முன் சக்கரத்தைத் தானே தூக்கித் திருப்பியபோது மருமகள் கையிலிருந்த போனைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தாள். இப்போதெல்லாம் கூடையிலிருந்து எடுத்த உருளைக்கிழங்கு ஒன்றும் வண்டியில் ஏறிச் சவாரி வருகிறது. அதைச் சமைக்க எனக்கு அனுமதி இல்லை.

உட்கார வைத்து ஓடவிடும் வாக்கரும் இதுவும் ஒன்றல்ல. அதில் பிள்ளையின் எடையை இருக்கைதான் தாங்கும். நுனிக்காலால் உந்தியே கண்மூடித் திறப்பதற்குள் படிக்கட்டு வரை போய்விடும். கனடாவில் 2004 முதல் அதை விற்கவே தடை. நடைவண்டியில் பிள்ளை சொந்தக் காலில் நின்றால்தான் வண்டி நகரும். அதற்காகப் பக்கத்தில் ஆள் இல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

குறைகளும் உண்டு. நான் வாங்கியது ரொம்ப லேசு. பிள்ளை கட்டையில் தொங்கினால் முன்பக்கம் தூக்கிக்கொள்கிறது. ஒரு கிலோ பச்சரிசிப் பொட்டலத்தைத் துணியில் சுற்றி முன் சக்கரத்துக்கு மேலே கட்டிவிட்டேன், சரியாகிவிட்டது. அப்புறம் சத்தம். டைல்ஸ் தரையில் கடகடவென்று ஓடும். கீழ்வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அம்மா) லிஃப்டில் பார்த்தபோது, “மேலே தச்சு வேலையா நடக்கிறது?” என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அன்றைக்கே பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டிச் சக்கரங்களில் ஒட்டினோம்.

எனக்குக் கோபம் வந்தது, சக்கரம் கழலாமல் இருக்கச் செருகும் கடையாணி விஷயத்தில்தான். பின் சக்கரத்தில் ஒன்று தளர்ந்து தரையில் கிடந்தது. பிள்ளை வாயில் போடுகிற அளவு. கடையில் போய்ச் சொன்னால், “எல்லாம் அப்படித்தாம்மா வரும்” என்கிறார். அப்படி ஏன் வரவேண்டும்? வாங்கும்போதே ஒவ்வொரு சக்கரத்தையும் இழுத்துப் பாருங்கள்.

கூடவே, கர்நாடகாவின் சென்னபட்ணா ஊரில் செய்கிற மரக் கிலுகிலுப்பை ஒன்றும் வாங்கினேன். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கடைசல் இயந்திரத்தில் மரம் சுழலும்போது வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவார்கள்; உரசுகிற சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறும், பிறகு தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவார்கள். பேரன் நாள் முழுக்கக் கடித்தும் நிறம் உரியவில்லை. ஊறப்போட்டுக் கழுவ வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

பிள்ளைகள் சமைத்து விளையாடும் செப்புச் சாமானும் எடுத்தேன். அம்மி, ஆட்டுக்கல், அடுப்பு, குடம் என்று அத்தனையும் அழகு. ஆனால் மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் பொம்மைகள் தொண்டையில் அடைக்குமா என்று சோதிக்கும் குழாயின் விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்கும் எதையும் கொடுக்கக் கூடாது. வீட்டில் டாய்லெட் ரோல் அட்டைக்குள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். அட்டை கொஞ்சம் அகலம் என்பதால் அதில் நுழையாதது குழாயிலும் நுழையாது. எங்கள் அம்மிக் குழவி வழுக்கிக்கொண்டு போய்விட்டது. குடமும் அப்படியே. மொத்தத்தையும் கட்டி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். மூன்று வயது முடியட்டும், அப்போது கொடுக்கலாம்.