விடுவதா, எடுப்பதா? தூண்டில்காரருக்கான ஓர் அலசல்

நன்னீரில் தூண்டில் போடுகிறவர்களிடையே எப்போதும் இரண்டு கட்சி உண்டு. பிடித்ததையெல்லாம் திருப்பி விடுவதுதான் நியாயம் என்பது ஒன்று. சாப்பிடப் போவதில்லை என்றால் மீனை எதற்கு முள்ளில் மாட்டி வதைக்க வேண்டும் என்பது மற்றது. இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவன் நான். கட்சியை ஓரமாக வைத்துவிட்டு மீனின் அளவைப் பார்த்து முடிவெடுத்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

சின்ன மீனை விட வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. அது இன்னும் ஒரு முறைகூட முட்டையிட்டிருக்காது. பெரிய மீன்தான் சிக்கல். கையில் கிடைத்த பெரிய மீனை விட யாருக்கு மனம் வரும்? ஆனால் பல மீனினங்களில் 2 கிலோ தாய்மீன் இடும் முட்டைகள், ஒரு கிலோ மீன்கள் இரண்டு சேர்ந்து இடுவதைவிட அதிகம். அப்படிப்பட்ட ஒரு மீன் போனால் ஏரி இழப்பது ஒரு மீனை மட்டுமல்ல. அதனால்தான் பல இடங்களில் குறைந்தபட்ச நீளத்தோடு அதிகபட்ச நீளமும் விதியில் இருக்கிறது: இரண்டுக்கும் நடுவில் இருப்பதை எடுக்கலாம், மற்றவை தண்ணீருக்கே. அந்த விதி இல்லாத இடத்திலும் நான் இதையே கடைப்பிடிக்கிறேன்.

தட்டுக்கு வந்தாலும் இதே கணக்குதான். பெரிய மீன் என்றால் வயதான மீன், வயதான மீன் என்றால் பாதரசம் சேர்ந்த மீன். நீரடிச் சேற்றில் உள்ள நுண்ணுயிரிகள் பாதரசத்தை மெத்தில் பாதரசம் என்ற, உடலில் எளிதில் சேரும் வடிவமாக மாற்றுகின்றன. அது நுண்ணுயிர்களிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து வேட்டை மீனுக்கும் போகப் போகப் பெருகுகிறது. கனடாவின் ஒன்டாரியோவில், 1962 முதல் 1970 வரை, ஒரு காகித ஆலை வளாகத்திலிருந்து சுமார் 9 டன் பாதரசம் ஆற்றில் கலந்தது. ஆற்று மீனையே நம்பியிருந்த கிராஸி நாரோஸ் பழங்குடி மக்கள் அதன் பாதிப்பை இன்றும் சுமக்கிறார்கள். மீனைப் பார்த்தோ முகர்ந்தோ அந்த விஷத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

மீனில் சேரும் விஷங்கள் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை, பலர் குழம்பும் இடம் இது. பாதரசம் சதையில், புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. தோலை உரித்தாலும் போகாது, எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் போகாது. பி.சி.பி., டையாக்ஸின் போன்ற தொழில்துறை நச்சுகள் கொழுப்பில் தங்குகின்றன. அங்கே கத்தியால் பலன் உண்டு: தோல், வயிற்றுக் கொழுப்பு, முதுகுக் கொழுப்பு, பக்கவாட்டில் ஓடும் கருஞ்சதை இவற்றை நீக்கி, கொழுப்பு வடிந்து போகும்படி கம்பி வலையில் சுட்டால் கணிசமாகக் குறையும். வடிந்த கொழுப்பைக் குழம்பில் சேர்க்கக் கூடாது. கெண்டை, கெளுத்தி போன்று சேற்றடியில் மேயும் கொழுப்பு மீன்களுக்கு இந்த வேலை அவசியம். ஒட்டாத பாத்திரப் பூச்சிலும் தீயணைப்பு நுரையிலும் பயன்படும் பி.எஃப்.ஏ.எஸ். இரசாயனங்கள் பாதரசத்தைப் போலச் சதையிலேயே இருப்பவை, அவற்றுக்குக் கத்தி உதவாது. ஆக, கொழுப்பு விஷத்தைச் சமையலறையில் ஓரளவு குறைக்கலாம். பாதரசத்தைக் கரையிலேயே, எந்த மீனை எடுப்பது என்று முடிவு செய்யும் நேரத்தில்தான் தவிர்க்க முடியும்.

எவ்வளவு சாப்பிடலாம் என்பதற்கு அந்த நீர்நிலைக்கான அரசு எச்சரிக்கை இருந்தால் அதுவே கடைசி வார்த்தை. இல்லாத இடத்துக்கு அமெரிக்க உணவு, சுற்றுச்சூழல் அமைப்புகள் சொல்லும் வழி எனக்குப் பிடித்திருக்கிறது: வாரம் ஒரு வேளை, பெரியவருக்குச் சுமார் 113 கிராம், அந்த வாரம் வேறு மீன் வேண்டாம். குழந்தைகளுக்கு இன்னும் குறைவு. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் இதில் சலுகை கிடையாது. கருவின் மூளை வளர்ச்சியைத்தான் பாதரசம் முதலில் தாக்கும். பச்சைப் பெயின்ட் ஊற்றியதுபோல் பாசி படர்ந்த தண்ணீரில் நான் சாப்பாட்டுக்கு மீன் பிடிப்பதே இல்லை. அந்தப் பாசியின் நச்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. ஈரலிலும் குடலிலும்தான் அதிகம் தேங்கும்.

சரி, விடுவதென்று முடிவு செய்தாயிற்று. விட்ட மீன் பிழைக்குமா? அதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முள்தான். வழக்கமான ஜே வடிவ முள்ளை மீன் விழுங்கிவிட்டால் அது தொண்டையிலோ குடலிலோ குத்தும். வட்ட முள்ளின் நுனி தண்டைப் பார்த்து உள்ளே வளைந்திருப்பதால், விழுங்கினாலும் வழுக்கி வந்து தாடையோரத்தில் மாட்டும். ஒரு பழக்கத்தை மட்டும் விட வேண்டும்: மீன் கடித்ததும் வெடுக்கென்று இழுப்பது. வட்ட முள்ளில் தூண்டில் நரம்பை மெதுவாக இறுக்கினால் போதும், மீதியை மீனே பார்த்துக்கொள்ளும். புழு போட்டு மீன் பிடிப்பவர்களுக்கு நான் தயங்காமல் வட்ட முள்ளையே சொல்வேன், ஏனென்றால் உயிருள்ள இரையை மீன் ஆழமாக விழுங்குகிறது. செயற்கை இரையில் பெரும்பாலும் வாயோரம்தான் மாட்டும். அங்கே ஜே முள் போதும், ஆனால் நுனிக்குக் கீழே மீன் நழுவாமல் பிடிக்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள். ஒரு நொடியில் கழன்றுவிடும்.

முள் தொண்டைக்குள் போய்விட்டால் தோண்டி எடுக்க வேண்டாம். நரம்பை வாயருகே வெட்டிவிட்டால் பிழைக்க வாய்ப்பு அதிகம். செவுளிலிருந்து ரத்தம் கொட்டுகிற மீன், விதி அனுமதிக்கும் அளவில் இருந்தால், எடுத்துக்கொள்வதே மேல்.

வெயில் காலத்தில் விடுவதும் எடுப்பதும் சமமான தேர்வுகள் அல்ல. 10 டிகிரி தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். போராடிக் களைத்த மீனுக்கு அதில் மூச்சு வாங்க முடியாது. அந்த நாட்களில் விடுவதற்காகவே மீன் பிடிப்பதை நான் ஏற்கவில்லை. சாப்பாட்டுக்கு ஒன்றோ இரண்டோ கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடலாம். எந்தக் காலத்திலும் கை நனைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் மேல் கொழகொழப்பு உரிந்து நோய் பிடிக்கும். முடிச்சுள்ள நைலான் வலையைவிட ரப்பர் வலை நல்லது. தண்ணீருக்கு வெளியே 10 நொடிக்கு மேல் வேண்டாம். புகைப்படம் எடுப்பதும் அதற்குள்தான்.

எடுப்பதென்றால் அடுத்த கேள்வி: கயிற்றில் கோத்துத் தண்ணீரில் விடுவதா, உடனே கொல்வதா? கயிறு வேண்டாம் என்பது என் பதில். ஒரு முறை, பெரிதாக ஏதாவது கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று மூன்று மீன்களைக் கோத்து வைத்து, மாலையில் இரண்டை விட்டேன். மறுநாள் காலையில் இரண்டும் கரையோரம் மல்லாந்து மிதந்தன. அன்றிலிருந்து பிடித்த அந்த நிமிடமே முடிவு. எடுக்கும் மீனுக்குத் தலையில் ஓங்கி ஓர் அடி, செவுளில் ஒரு வெட்டு, ரத்தம் வடிந்ததும் ஐஸ். மீனுக்கு வேதனை குறைவு, சதையும் கெடாது. வெறும் ஐஸ் கட்டிகளைவிடத் தண்ணீர் கலந்த ஐஸ் மீனைச் சுற்றிப் படிவதால் வேகமாகக் குளிரவைக்கும். ஐஸ் கொண்டுபோகவில்லை என்றால் அன்றைக்கு எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள்.

இரை மூழ்குவதற்காக நரம்பில் கட்டும் ஈயக்குண்டைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. அறுந்து விழுந்த குண்டை நீர்ப்பறவைகள் கூழாங்கல் என்று விழுங்கிச் சாகின்றன. அன்னங்கள் செத்ததால் பிரிட்டன் 1987-இல் பெரும்பாலான ஈயக்குண்டுகளின் விற்பனையைத் தடை செய்தது. டங்ஸ்டன் விலை அதிகம்தான், ஆனால் ஈயத்தைவிட அடர்த்தியானது, சின்னக் குண்டே போதும்.

கடைசியாக, பச்சையாகவா சமைத்தா? நன்னீர் மீனை நான் பச்சையாகத் தொடமாட்டேன். நாடாப்புழுவும் கல்லீரல் புழுவும் இதன் வழியேதான் வருகின்றன. கல்லீரல் புழுவில் இரண்டு இனங்கள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியானவை. எலுமிச்சைச் சாறோ வினிகரோ உப்போ லேசான புகையோ அவற்றைக் கொல்லும் என்று நம்பக் கூடாது. மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறையவைத்தால் பெரும்பாலான புழுக்கள் சாகும். ஆனால் வீட்டு ஃப்ரீசர்கள் பல அந்தக் குளிரை எட்டுவதில்லை. சதையின் நடுப்பகுதி 63 டிகிரி தொட்டு, கண்ணாடிபோல் இருந்தது வெளுத்து, முள்கரண்டியால் தொட்டதும் இதழ் இதழாகப் பிரிந்தால் தைரியமாகச் சாப்பிடலாம்.