பழைய காருக்கு ஆட்டோ லாக்: பூட்டுவதில் குறையில்லை, திறப்பதைக் கேட்டு வாங்குங்கள்

டர்பனின் சாட்ஸ்வர்த்தில், காருக்குச் சாமான் மாட்டித் தரும் ஒரு ஃபிட்மென்ட் சென்டரில் என் பழைய ஹேட்ச்பேக்குக்கு ஆட்டோ லாக் போட்டேன். ரிமோட், நாலு கதவுக்கும் மோட்டார், கூலி எல்லாம் சேர்த்து 1,800 ராண்ட். வண்டியைக் கிளப்பி பிரேக்கை மிதித்ததும் நாலு கதவும் டக்கென்று பூட்டிக்கொள்ளும். சாவியை அணைத்தால் திறந்துகொள்ளும். டர்பனில் வண்டி ஓட்டுகிற யாருக்கும் இது எதற்கு என்று சொல்லத் தேவையில்லை. 2022-23இல் மட்டும் தென்னாப்பிரிக்காவில் ஆளை மிரட்டி வண்டியைப் பறித்த வழக்குகள் 20,000க்கு மேல். ரோபோவில் (டிராஃபிக் சிக்னலை இங்கே அப்படித்தான் சொல்வோம்) சிவப்பு விழுந்து நிற்கும்போதெல்லாம் கையை நீட்டி ஒவ்வொரு கதவாகப் பார்க்கிற பதற்றம் எனக்குப் போய்விட்டது. பூட்டுகிற வேலைக்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன்.

திறக்கிற வேலைக்கு அப்படிக் கொடுக்க முடியவில்லை.

கம்பெனியிலிருந்தே ஆட்டோ லாக்குடன் வரும் வண்டிகள் பலவற்றில் 20 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டிக் கதவு பூட்டிக்கொள்ளும். மோதி ஏர்பேக் வெடித்தால் தானாகவே திறந்துவிடும். வெளியிலிருந்து ஓடி வருகிறவர் கைப்பிடியை இழுத்தால் கதவு வர வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. நான் வாங்கிய ஆட்டோ லாக் பெட்டிக்குத் தெரிந்ததெல்லாம் சாவியும் பிரேக்கும்தான். மோதின வண்டியில் சாவி போட்டபடியே இருக்கும், கதவும் பூட்டியபடியே இருக்கும். மாட்டிய தம்பியிடம் கேட்டேன். "அந்த வசதி இதில் இல்லை, ஆன்ட்டி" என்று நேராகச் சொன்னார். மழுப்பாமல் சொன்னது எனக்குப் பிடித்தது. ஆனால் நான் கேட்டபிறகுதான் சொன்னார்.

அடுத்தது குமிழ். கண்ணாடிக்குக் கீழே, கதவின் மேல்விளிம்பில் நிற்கிற அந்தச் சின்னப் பிளாஸ்டிக் குமிழைத்தான் சொல்கிறேன். என் வண்டியில் பழைய குமிழ்களின் தலை அகலம், கழுத்து ஒடுக்கம். இரண்டு விரலால் பிடித்துத் தூக்க வரும். அதைக் கழற்றிவிட்டு, பூட்டினால் விளிம்போடு விளிம்பாக அமுங்கிவிடும் வழவழப்பான குமிழ் போடலாம், திருடன் கம்பியை விட்டு இழுக்க முடியாது என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பேட்டரி செத்தாலோ தண்ணீர் ஏறி மின்சாரம் போனாலோ மோட்டார் அசையாது. அப்போது என் வண்டிக்கு இருக்கிற ஒரே வழி அந்தக் குமிழைக் கையால் தூக்குவது. என் மாமியாருக்கு விரல் மூட்டில் வாதம். பழைய குமிழை அவரால் தூக்க முடிகிறதா என்று அவரையே பின்சீட்டில் உட்கார வைத்துத் தூக்கச் சொன்னேன். முடிந்தது. ஆனால் குமிழைத் தூக்கிய பிறகும் கதவு திறக்கவில்லை! பின்கதவின் ஓரத்தில் சைல்ட் லாக் போட்டிருந்தது. அது போட்டிருந்தால் குமிழ் மேலே இருந்தாலும் உள்கைப்பிடி வேலை செய்யாது. இப்போது பேரன் உட்காரும் பக்கம் மட்டும் சைல்ட் லாக், மாமியார் பக்கம் கிடையாது.

மாட்டியதில் ஒரு கோளாறும் இருந்தது. ரிமோட்டில் திறந்துவிட்டு 30 விநாடிக்குள் எந்தக் கதவையும் திறக்காவிட்டால் வண்டி மறுபடி பூட்டிக்கொள்ளும். கதவு திறந்திருப்பதைப் பெட்டிக்குச் சொல்கிற சுவிட்சுகளில், ஓட்டுநர் கதவின் சுவிட்சுக்கு மட்டும்தான் வயர் கொடுத்திருந்தார்கள். பின்கதவைத் திறந்து பேரனுக்கு பெல்ட் மாட்டிக்கொண்டிருக்கிறேன், நாலு குமிழும் சடக்கென்று இறங்கிவிட்டது. சாவி என் கையில் இருந்தது. முன்சீட்டில் இருந்திருந்தால்? கதவைச் சாத்தியதும் பிள்ளை உள்ளே, நான் வெளியே. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் பத்து நிமிடத்தில் சூடு 10 டிகிரி ஏறிவிடும். பிள்ளைகளின் உடம்பு பெரியவர்களைவிட வேகமாகக் கொதிக்கும். கடைக்குக் கொண்டுபோனதும் நாலு கதவுக்கும் வயர் இழுத்துக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. மாட்டின அன்றே அதைச் செய்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் இவ்வளவு பார்ப்பதற்குக் காரணம் எங்கள் ஊர் மழை. 2022 ஏப்ரல் 11, 12இல் எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் பெய்த மழையில் 400 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். டர்பன் வழியாக ஓடும் உம்கேனி ஆற்றின் கதை அதைவிடப் பழையது. 1917 அக்டோபர் வெள்ளத்தில் ஸ்ப்ரிங்ஃபீல்டில் குடிசை போட்டிருந்த நம் இந்தியச் சனங்களை ஆறு அடித்துக்கொண்டு போனபோது, மாரிமுத்து படவட்டானும் உடன் ஐந்து பேரும் படகில் போய் 170 பேருக்கு மேல் காப்பாற்றினார்கள். அதே ஸ்ப்ரிங்ஃபீல்டில்தான் இன்று நாம் கார் நிறுத்திக் கடைக்குப் போகிறோம். ஓடுகிற தண்ணீர் 30 சென்டிமீட்டர் இருந்தாலே சின்ன வண்டி மிதக்கத் தொடங்கும், 60 இருந்தால் பெரிய வண்டியையும் அடித்துக்கொண்டு போகும். மிதக்கிற வண்டியில் கதவோடு மல்லுக்கட்டக் கூடாது. வெளித்தண்ணீர் கதவை அழுத்திப் பிடித்திருக்கும். பெல்ட்டைக் கழற்றி, மின்சாரம் இருக்கும்போதே கண்ணாடியை இறக்கி, பிள்ளைகளை முதலில் வெளியே அனுப்ப வேண்டும்.

கண்ணாடி இறங்காவிட்டால் உடைக்கத்தான் வேண்டும். அங்கே நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. பை பிடுங்குகிறவனுக்குப் பயந்து பக்கக் கண்ணாடியில் ஸ்மாஷ் அண்ட் கிராப் பிலிம் ஒட்டியிருக்கிறோம். கண்ணாடி நொறுங்கினாலும் பிலிம் அதைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே இருக்கிறவர் காலால் உதைத்துத் தள்ள வேண்டியிருக்கும். கண்ணாடியின் கீழ்மூலையில் உள்ள அச்சையும் பாருங்கள். லேமினேட்டட் (நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டிய கண்ணாடி) என்று இருந்தால் உடைக்கிற கருவி எதையும் நம்பாதீர்கள்: அமெரிக்காவின் ஏஏஏ என்கிற வாகன ஓட்டிகள் அமைப்பு 2019இல் ஆறு கருவிகளைச் சோதித்தது, ஒன்றாலும் லேமினேட்டட் கண்ணாடியை உடைத்து வழி உண்டாக்க முடியவில்லை. சிறு துண்டுகளாக நொறுங்கும் டெம்பர்டு கண்ணாடியில் நாலு கருவிகள் வேலை செய்தன. சுத்தியல் வகையைவிட ஸ்பிரிங் வகை மேல். நான் ஸ்பிரிங் வகை ஒன்றை ஓட்டுநர் பக்கம் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கிறேன். பின்கதவுக் கண்ணாடி ஒன்றில் பிலிம் ஒட்டவில்லை.

அப்புறம், ரிமோட்டை நம்பி நடந்துவிடாதீர்கள். மால் பார்க்கிங்கில் நீங்கள் பூட்டுகிற நேரம் பார்த்து இன்னொருவன் கேட் ரிமோட்டை அழுத்திக்கொண்டிருந்தால் உங்கள் சிக்னல் வண்டிக்குப் போய்ச் சேராது. கைப்பிடியை இழுத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.

இந்தப் பெட்டியை வாங்கலாமா என்றால், வாங்கலாம், நான் கழற்றப் போவதில்லை. ஆனால் மோதினால் திறக்கிற இனர்ஷியா சுவிட்சையும் சேர்த்து விலை கேளுங்கள். கடையில் அது இல்லையென்று நான் வேறொரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் தனியாகப் போட்டேன்; 650 ராண்ட் வாங்கினார், சுவிட்சைத் தட்டி நாலு கதவும் திறப்பதைக் காட்டிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார்.