வளைகாப்புச் சீர் வாங்க மதுரைக் கடைத்தெருக்கள்: ஒரு மதிப்பீடு

மும்பையில் வசிக்கும் நாங்கள், அத்தை மகளின் வளைகாப்புக்காக மதுரைக்குப் போயிருந்தபோது, சீருக்கு வேண்டிய சேலை, வளையல், பித்தளைச் சாமான், பூ ஆகிய அனைத்தையும் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களிலும் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையிலும் வாங்கினோம். எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் விற்கும் பெரிய கடைகள் மதுரையில் நிறைய வந்துவிட்டன. இருந்தும், விசேஷத்துக்காக வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தப் பழைய கடைத்தெருக்களையே நான் பரிந்துரைப்பேன். ஒரு தொழிலுக்கு ஒரு தெரு என்ற பழைய ஒழுங்கு இங்கே இன்னும் பெருமளவு நிலைத்திருப்பதால், நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்பது எளிது. அதைவிட முக்கியமாக, என்ன விசேஷம் என்று சொன்னாலே எது வேண்டும், எது வேண்டாம் என்று விற்பவர்களே எடுத்துச் சொல்கிறார்கள்.

வளையல் கடையில் இதை நேரில் கண்டேன். திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தின் தூண்களுக்கிடையே பல தலைமுறைகளாக இருந்துவந்த வளையல் கடைகளும், புத்தகக் கடைகளும், தையற்காரர்களும், மண்டபத்தைப் பாதுகாக்கும் பொருட்டு, இப்போது அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கிறார்கள். அங்கே ஒரு கடைக்காரர், எங்களோடு வந்த மதினியின் மணிக்கட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, தொட்டும் பார்க்காமல், அளவு 2.4 என்றார், போட்டுப் பார்த்தபோது அது சரியாக இருந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கு ஏழாம் மாதத்தில் கை சற்று வீங்கியிருக்கும் என்பதால், வழக்கமான அளவுக்கு அடுத்ததை எடுத்துக்கொள்ளும்படியும், வந்தவர்களுக்குக் கொடுக்கும் வளையல்களில் மூன்று அளவுகளைக் கலந்து வாங்கும்படியும் சொல்லி, ஒவ்வொரு டஜனையும் குலுக்கி ஓசை கேட்டு, விரிசல் விட்டவற்றை அவரே விலக்கி வைத்தார். தையற்காரர்களும் அவ்வாறே திறமையானவர்கள். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வேடமிடும் பக்தர்களுக்கு உடை தைத்துப் பழகிய கைகள், ரவிக்கைக்கு ஓரம் அடிப்பதையும் சேலைக்கு ஃபால்ஸ் வைப்பதையும் நாம் பக்கத்துத் தெருவுக்குப் போய் வருவதற்குள் முடித்துவிடுகின்றன. முன்பு மண்டபத்துக்குள் நடந்துபோகும்போதே கண்ணில் பட்ட கடைகளை இப்போது தேடிப் போக வேண்டியிருப்பதால், புதிதாக வருகிறவர்கள் கேட்டு விசாரித்தாவது அங்கே போக வேண்டும்; அந்தக் கடைக்காரர்களின் பிழைப்பு நம்மைப் போன்றவர்களின் வரவை நம்பியே இருக்கிறது.

சேலையில்தான் கவனம் தேவை. மதுரைச் சுங்குடி 2005ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு பெற்றது. சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண்கள் நூலால் ஆயிரக்கணக்கான முடிச்சுகளைப் போட்டு, பின்பு சாயத்தில் தோய்ப்பதே அதன் முறை. ஆனால் விளக்குத்தூண் பக்கத்துக் கடைகளில் சுங்குடி என்ற பெயரில் குவிந்திருப்பவற்றில் பெரும்பகுதி அச்சடித்த சேலைகளே. அச்சுச் சேலை வாங்குவதில் தவறில்லை, வீட்டில் உடுத்த அது மிகவும் நல்ல துணி. எனினும் விற்பவர் அதைச் சொல்லி விற்க வேண்டும். ஒரு கடையில் அச்சுச் சேலையைக் கைமுடிச்சு என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டபோது, அத்தை சேலையைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் புள்ளிகள் மங்கியிருப்பதைக் காட்டினார். அதன்பின் அங்கிருந்து வந்துவிட்டோம். முடிச்சுச் சேலையில் புள்ளிகள் இருபுறமும் ஒன்றுபோல் தெளிவாக இருக்கும். அவற்றின் வட்டம் சற்றுக் கோணியிருக்கும். புதுச் சேலையில் விரலால் தடவினால் முடிச்சு இருந்த இடம் சிறு மேடாகத் தட்டுப்படும். அடுத்த கடையில் முடிச்சு அவிழ்க்காத சேலையையே எடுத்துவந்து, ஓர் ஓரத்தை இழுத்துக் காட்டினார்கள். படபடவென்று முடிச்சுகள் அவிழ, அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகத் தோன்றின. விலை அதிகம்தான், அந்த உழைப்புக்கு அது தகும்.

வெண்கலக்கடைத் தெருவில் குத்துவிளக்கும் சந்தனக் கிண்ணமும் எடுத்தோம். எடைபோட்டு விலை சொல்கிறார்கள், பேரம் பேச அதிகம் இடமில்லை.

பூவை மட்டும் விசேஷத்தன்று விடியற்காலையில் மாட்டுத்தாவணியில் வாங்குவதே சரி. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, தடித்த இதழும் நீண்ட காம்பும் உடையது என்பதால் கட்டுவதற்கு வாகானது; காலையில் மொட்டாக வாங்கினால் மாலையில் தலையில் மலரும். முகூர்த்த நாட்களிலும், பனியால் வரத்துக் குறையும் மார்கழி, தை மாதங்களிலும் கிலோ ஆயிரக்கணக்கில் போகும். அப்படிப்பட்ட நாளாக இருந்தால் மல்லியைக் குறைத்து, பிச்சியும் மரிக்கொழுந்தும் சேர்த்துக் கட்டுவது உள்ளூர் வழக்கம். தரையில் பூச்சருகும் ஈரமும் வழுக்குவதால் பெரியவர்களை அங்கே அழைத்துப் போக வேண்டாம்.

கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களிலும் முதியவர்களுக்கு உட்கார இடமோ, பெண்களுக்குப் போதுமான கழிப்பறையோ இல்லை என்பது பெருங்குறை. கூட்டம் சேரும் மாலையைத் தவிர்த்து, காலை வெயில் ஏறுமுன் ரவிக்கைத் துணியைத் தையற்காரரிடம் கொடுத்துவிட்டுப் பாத்திரக் கடைக்குப் போனால், திரும்பி வரும்போது அதை வாங்கிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு சேர்ந்துவிடலாம்.