ஒரு தடித்த நூலா, இரண்டு மெல்லிய நூலா?

கொக்கி ஊசியால் பின்னும் குரோஷேவில் கொஞ்சம் கெட்டியான துணி வேண்டுமென்றால் வழி இரண்டு. வொர்ஸ்டெட் போன்ற தடித்த நூல் ஒன்றை எடுத்துப் பின்னலாம். இல்லையென்றால் ஃபிங்கரிங் போன்ற மெல்லிய நூல் இரண்டைச் சேர்த்துப் பிடித்துப் பின்னலாம். அளவெடுத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஊசியில் வரும் விதமும் கண்ணுக்குத் தெரியும் விதமும்தான் வேறு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கண்ணிகளின் வடிவம் எடுப்பாகத் தெரிய வேண்டிய வேலைக்கு ஒற்றை நூல். நிறம்தான் முக்கியம் என்றால் இரட்டை.

தடிமனைச் சொல்ல லேபிளில் 0 முதல் 7 வரை ஓர் எண் இருக்கும். 1 ஃபிங்கரிங், 3 டிகே, 4 வொர்ஸ்டெட், 5 பல்க்கி. இந்த எண்ணை மட்டும் நம்பி நூல்களைச் சேர்க்க வேண்டாம். ஒவ்வோர் எண்ணுக்குள்ளும் தாராளமாக இடம் இருக்கிறது. 3 என்று போட்ட இரண்டு நூல்களைப் பக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றதைவிடக் குண்டாக இருப்பது சகஜம். கணக்குக்கு உதவுவது லேபிளின் இன்னொரு வரி: இத்தனை கிராமுக்கு இத்தனை மீட்டர்.

100 கிராமுக்கு 400 மீட்டர் வரும் ஃபிங்கரிங் நூல் இரண்டைச் சேர்த்தால் 100 கிராமுக்கு 200 மீட்டர் ஆகிவிடும்; அது கிட்டத்தட்ட வொர்ஸ்டெட். ஒன்று 400 மீட்டர், மற்றது 200 மீட்டர் என்றால் ஒரு மீட்டரின் எடையைக் கூட்டுங்கள்: 0.25 கிராம், 0.5 கிராம், ஆக 0.75 கிராம். 100ஐ அதால் வகுத்தால் சுமார் 133 மீட்டர், அதாவது பல்க்கிக்குப் பக்கத்தில். இரண்டும் ஒரே வகை நூலாக இருந்தால்தான் இந்தக் கணக்கு சரியாக நிற்கும். பருத்தி கனமானது; அதே தடிமனுள்ள அக்ரிலிக்கைவிட மீட்டர் குறைவாகவே கிடைக்கும்.

இனி ஊசியில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். முறுக்கேறிய ஒற்றை நூல் உருண்டையாக நிற்கும். கேபிள், பாப்பிள் போன்ற மேடு பள்ளமுள்ள பின்னல்களில் ஒவ்வொரு கண்ணியும் தனியாகத் தெரியும். இரட்டை நூல் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளாமல் பட்டையாகப் படுத்துவிடுவதால் அந்த மேடு மங்கிப்போகிறது. இன்னொரு தொல்லை: கொக்கி இரண்டு இழைகளில் ஒன்றை மட்டும் பிடித்து இழுத்துவிடும். விட்டுப்போன இழை பின்பக்கம் சின்ன வளையமாகத் துருத்திக்கொண்டு நிற்பதை நாலு வரிசை தாண்டித்தான் கவனிப்போம். அமிகுருமி பொம்மைகளுக்கு நான் இரட்டை நூலைத் தொடுவதே இல்லை. உள்ளே அடைத்த பஞ்சு தெரியாதிருக்க, லேபிள் சொல்வதைவிடச் சிறிய ஊசியில் இறுக்கிப் பின்ன வேண்டிய வேலை அது. அத்தனை இறுக்கத்தில் இரண்டு இழையையும் சேர்த்துக் கொக்கியில் மாட்டுவது பொறுமைக்குச் சோதனை.

ஷாலுக்கும் மேலுடைக்கும் இந்தப் போட்டியே தேவையில்லை. குரோஷே கண்ணி இயல்பிலேயே தடிப்பானது. அங்கே மெல்லிய நூல் ஒன்றை எடுத்து, ஊசியைப் பெரிதாக்கினால் துணி தானாகத் தழையும்.

நிறத்துக்கு வந்தால் இரட்டை நூல் விட்ட இடத்தையெல்லாம் பிடித்துவிடுகிறது. கைவசம் மூன்று நிறங்கள் என்று வைத்துக்கொள்வோம்: கருநீலம், மயில்நீலம், வெளிர்பச்சை. ஒற்றை நூலில் இவை மூன்று பட்டைகள், அவ்வளவுதான். இரட்டையில் கருநீலம் இரண்டிழை, பிறகு கருநீலத்தோடு மயில்நீலம், பிறகு மயில்நீலம் இரண்டிழை, பிறகு மயில்நீலத்தோடு வெளிர்பச்சை, கடைசியில் வெளிர்பச்சை இரண்டிழை என்று ஐந்து படிகள் கிடைக்கும். ஒவ்வொரு படியிலும் ஓர் இழை மட்டுமே மாறுவதால் எங்கே நிறம் மாறியது என்று கண் தேடும். பெரிய போர்வைக்கு இதைவிட அழகான வழியை நான் பார்த்ததில்லை.

ஆனால் எந்த இரண்டையும் சேர்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். கறுப்பையும் வெள்ளையையும் ஒன்றாகப் பிடித்தால் நரையோடிய தலைமுடி மாதிரி புள்ளி புள்ளியாக வரும். சாம்பல் நிறம் வராது. நன்றாகக் கலந்து புது நிறமாகத் தெரிய வேண்டுமென்றால் இரண்டு இழைகளின் வெளிச்ச அளவும் அருகருகே இருக்க வேண்டும். இரண்டு நிறங்களை மாற்றி மாற்றிப் பின்னி வடிவம் கொண்டுவரும் மொசைக் குரோஷேவில் இதற்கு நேர் எதிர்: வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் வடிவமே தெரியாது. சிவப்பும் பச்சையும் நிறச் சக்கரத்தில் எதிரெதிர் என்று நம்பி எடுத்தவர்கள், கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே சாம்பலாக நிற்பதைக் காணலாம். மொசைக்குக் கண்டிப்பாக ஒற்றை நூல்தான். அங்கே இரட்டை இழைக் கலவை வடிவத்தின் ஓரத்தைக் கரைத்துவிடும்.

பக்கத்து நிறம் நம் கண்ணை ஏமாற்றும் என்பது பழைய செய்தி. பாரிஸின் கோபலின் நெசவுக்கூடத்தில் 1824இல் சாயப் பிரிவின் பொறுப்பேற்ற வேதியியலாளர் செவ்ரோல், கறுப்புச் சாயம் சோகையாக இருக்கிறது என்ற புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை அப்படிக் காட்டின என்று கண்டார். அதனால் நூல் உருண்டைகளைத் தனித்தனியாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. உருண்டையில் அசத்தும் மஞ்சள், பின்னிய பிறகு பக்கத்து வரிசையால் அழுக்காகத் தெரியலாம்.

பல நிறம் ஓடும் நூல் தனி ரகம். ஒற்றையாகப் பின்னினால் ஒரே நிறம் ஓரிடத்தில் திட்டாகத் தேங்கும். அதோடு வெற்று நிற இழை ஒன்றைச் சேர்த்துப் பிடித்தால் திட்டு உடைந்து அமைதியாகிவிடும். இதற்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு இரட்டை என்பேன்.

சேர்க்கும் இரண்டையும் ஒரே மாதிரி துவைக்க முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சூடான தண்ணீரில் கம்பளி இறுகிச் சுருங்கும், அக்ரிலிக் அப்படியே கிடக்கும், துணி கோணிக்கொள்ளும். அடர்சிவப்பை வெள்ளையோடு சேர்க்கும் முன் ஒரு துண்டு நூலை ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்ப்பது நல்லது. மொஹேர் (அங்கோரா ஆட்டு ரோம நூல்) இழை சேர்ந்தால் பிரித்துப் பின்னலாம் என்ற நினைப்பையே விட்டுவிட வேண்டும். அதன் ரோமம் பக்கத்து இழையைக் கவ்விக்கொண்டு விடவே விடாது. அந்தக் கலவைக்கு மாதிரித் துண்டை வேறு நூலில் பின்னிப் பார்த்துப் பயனில்லை; அதே இரண்டு நூலில், அதே ஊசியில் பின்னி, துவைத்துக் காயவைத்து அளந்த பிறகே முதல் சங்கிலியைப் போடுங்கள்.