சந்தா கட்டிய 14 மாதமும் அப்பாவின் 63 கசெட்டும்

ஹட்டனில் பாடசாலை வேன் ஓட்டுகிறேன். விடியக்காலை பொகவந்தலாவைப் பக்கம் போய்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, நோர்வூட், டிக்கோயா வழியாக டவுனில் இறக்குவேன். சாயந்தரம் அதே பாதை. டிசம்பர் போயாவுக்குச் சிவனொளிபாதமலை சீசன் தொடங்கிவிட்டால் வெசாக் வரைக்கும் சனி, ஞாயிறு மலையடிவாரத்து நல்லதண்ணிக்கு ஹயர். எப்படிப் பார்த்தாலும் ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலம் வேனில் பாட்டு ஓடும். பாட்டு இல்லாமல் இந்த வளைவுகளில் வண்டி ஓட்ட எனக்கு வராது.

பத்துப் பன்னிரண்டு வருஷமாக எனக்கு பென் டிரைவ்தான். "அப்பா, எல்லாப் பாட்டும் போனிலேயே இருக்கு, எதுக்கு இன்னும் இதைக் குத்திக்கிட்டு இருக்கீங்க?" என்று மகள்தான் ஆரம்பித்து வைத்தாள். இணையத்தில் பாட்டுக் கேட்கும் ஸ்பொட்டிஃபை சேவை 2021 பெப்ரவரியிலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. அது போலவே வேறு சேவைகளும் இருக்கின்றன. இரண்டு மூன்றை இலவசமாகக் கேட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றுக்குக் காசு கட்டி 14 மாதம் வைத்திருந்தேன். எது என்று எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறை இந்த முறையிலேயே இருக்கிறது.

முதலில் நல்லது. தேடினால் கிடைப்பது என்பது சாதாரண விஷயம் இல்லை. போன சீசனில் கொட்டகலையிலிருந்து ஒரு குடும்பத்தை மலைக்கு ஏற்றிப் போனேன். பின் சீட்டில் இருந்த ஒரு பாட்டி, "தம்பி, இந்தப் பாட்டு ஒங்கிட்ட இருக்கா?" என்று கேட்டு ஒரே ஒரு அடியைப் பாடினார். படத்தின் பெயரும் தெரியாது, பாடியவர் யார் என்றும் தெரியாது. வண்டியை ஓரமாக நிறுத்தி அந்த அடியைப் போனில் தட்டினேன். அடுத்த நிமிஷம் பாட்டு வந்தது. மஸ்கெலியா தாண்டும் வரை அதையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். என் பென் டிரைவில் அந்தப் பாட்டு இல்லை, இருந்திருந்தாலும் நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

பிள்ளைகளுக்கும் இதுதான் பிடித்தது. புதுப்படப் பாட்டு வெளிவந்த அன்றைக்கே, "மாமா, அந்தப் பாட்டு போடுங்க" என்று வேனில் ஏறும்போதே கேட்பார்கள். அப்புறம், நானாகத் தேடியே இருக்காத சிலதும் அதில் வந்து சேர்ந்தது. காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தை முதன்முதலாக ஒழுங்காகக் கேட்டது அந்தச் சேவை தானாகப் போட்டுத்தான். கோயில் திருவிழாவில் தூரத்து ஸ்பீக்கரில் மட்டுமே நாகஸ்வரம் கேட்ட எனக்கு, ஒரு மழை நாள் காலையில் டிக்கோயாப் பாதையில் அது புதிதாக இருந்தது. அதற்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

டேட்டா கணக்கைப் பார்த்துவிடுவோம். நடுத்தரமான 160 கிலோபிட் தரத்தில் கேட்டால் மணித்தியாலத்துக்கு 72 எம்பி. ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலம், மாதத்தில் 24 நாள் என்றால் ஐந்து ஜிபிக்குக் கொஞ்சம் மேலே. 320இல் கேட்டால் அது இரட்டிப்பு. சந்தாக் காசு தனி. ஆனால் எனக்குப் பெரிய தொல்லை காசு இல்லை, சிக்னல். காசல்ரீ பக்கத்து வளைவுகளிலும் நல்லதண்ணி ஏற்றத்திலும் பாட்டு சரணத்தின் நடுவில் நின்றுவிடும். வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டால் நிற்காது என்பது சரிதான். ஆனால் இறக்கிய பாட்டும் அந்த அப்புக்குள்தான் இருக்கும், வெளியே எடுக்க முடியாது. ஸ்பொட்டிஃபையில் ஒரு கருவிக்கு 10,000 பாட்டு வரை இறக்கலாம், ஆனால் 30 நாளைக்கு ஒரு தடவையாவது இணையத்தில் தலைகாட்ட வேண்டும். இறக்கி வைத்தது வாடகைச் சாமான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

எனக்கு ஏமாற்றம் வந்தது பதினோராம் மாதம். 140 பாட்டு வைத்து ஒரு பட்டியல் செய்திருந்தேன். அப்பா ஆசைப்பட்டுக் கேட்டவை, நான் இளவட்டத்தில் கேட்டவை, இரண்டும் கலந்து. ஒரு திங்கட்கிழமை காலையில் பார்க்கிறேன், ஒன்பது பாட்டு சாம்பல் நிறமாகிக் கிடக்கிறது. தட்டினால் ஓடாது. ஏன் என்று ஒரு வரி விளக்கமும் இல்லை. இதற்கான காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. பாட்டு அந்தச் சேவைக்குச் சொந்தம் கிடையாது. உரிமை வைத்திருக்கும் இசைக் கம்பனியோடு செய்த ஒப்பந்தம் முடிந்தால் பாட்டும் போகும். இளையராஜா பாட்டுகளின் உரிமை யாருக்கு என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வருஷக்கணக்காக வழக்கு நடந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் பட்டியலின் ஆயுள் அப்படிப்பட்ட இடங்களில் முடிவாகிறது. அந்த ஒன்பதில் நான்கு பிறகு திரும்பி வந்தன. இரண்டுக்குப் பதிலாக வேறு யாரோ மறுபடி பாடிய பதிவுகள் அதே பெயரில் வந்து நின்றன. முதல் இசையிலேயே தெரிந்துவிட்டது, அது வேறு பாட்டு.

இனி அப்பாவின் கசெட்டுகள். அப்பா தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தவர். இலங்கை வானொலியில் அறிவிப்பாளர் அப்துல் ஹமீதின் குரல் கேட்டால் வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. ரேடியோவும் கசெட்டும் சேர்ந்த ஒரு டூ-இன்-வன் செட் வைத்திருந்தார். ரேடியோவிலிருந்து பிடித்ததும், டவுனில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கியதுமாக 63 கசெட். அவற்றில் ஏழு, எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் நடந்த காமன் கூத்து, மன்மதன், ரதி கதையை ஆடுவது. நாங்கள் இருந்த லயத்து வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டு செட்டை வைத்துப் பதிந்தவை. ரதியின் ஒப்பாரியும், தப்பு மேளமும், வீரபத்திரன் வரும்போது பிள்ளைகள் அலறி ஓடும் சத்தமும் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. இதை எந்தச் சேவையில் தேடுவது?

எங்கள் பக்கத்து ஈரம் கசெட்டுக்கு விஷம். திறந்து பார்த்தபோது ரீலின் ஓரமெல்லாம் மாவு தூவியது போல வெள்ளைப் பூஞ்சணம். அப்படியே செட்டில் போட்டால் நாடாவைப் படிக்கும் ஹெட்டும் கெட்டுவிடும், அடுத்த கசெட்டுக்கும் ஒட்டும். வெயில் வந்த நாட்களில் நிழலில் காய வைத்து, முகத்தில் துணி கட்டிக்கொண்டு, மெல்லிய பஞ்சுத் துணிக்கு ஊடாக நாடாவைக் கையால் சுற்றினேன். உறை உடைந்திருந்தவற்றை ஐந்து திருகாணியையும் கழற்றி வேறு உறைக்கு மாற்றினேன். ஹெட்டை ஆல்கஹோல் தொட்ட பஞ்சால் துடைத்தேன். பிறகு செட்டிலிருந்து ஒரு வயரை லெப்டொப்புக்குக் கொடுத்து, ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவு. குறுக்குவழி கிடையாது. 60 நிமிஷக் கசெட்டுக்கு 60 நிமிஷம்.

முதல் கூத்துக் கசெட்டில் சத்தம் போர்வைக்குள் இருந்து வருவது போல இருந்தது. ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி உண்டு, ஹெட்டின் சாய்வைச் சரி பண்ண. கசெட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை ஒரு மயிரிழை திருப்பினேன். தப்புச் சத்தம் அப்படியே இருந்தது. அதற்கு மேலே சலங்கை வந்தது. அதுவரை சலங்கை இருப்பதே தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினேன், காலடி ஒவ்வொன்றாகப் பிரிந்து கேட்டது. பக்கத்தின் கடைசியில், "தேத்தண்ணி ஆறுது, வாங்க" என்று அம்மாவின் குரல். அம்மா போய் ஆறு வருஷமாகிறது. நான் நிறுத்தாமல் நாடா முடியும் வரை ஓட விட்டேன்.

சொந்தச் சேமிப்பில் குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். 2016இல் என் ஹார்ட் டிஸ்க் ஒன்று பழுதாகி, திருத்தக் கொடுத்த இடத்தில் கேட்காமல் ஃபோமட் செய்து கொடுத்துவிட்டார்கள். 1,800 பாட்டு போயிற்று. மிஞ்சியது பென் டிரைவுக்கென்று 128 கிலோபிட்டுக்குச் சுருக்கிய பிரதிகள் மட்டுமே. சுருக்கியதைத் திரும்ப விரிக்க வழி இல்லை. அதனால் இப்போது மூலத்தை, தரம் குறையாத ஃபிளாக் வடிவத்தில் வைத்துக்கொண்டு, வேனுக்கு மட்டும் எம்பி3 எடுக்கிறேன். என் வேன் செட் ஃபாட்32 என்ற முறையில் ஃபோமட் செய்த பென் டிரைவை மட்டும்தான் படிக்கும். 64 ஜிபி வாங்கினால் அது பெரும்பாலும் வேறு வடிவத்தில் வரும், மாற்றித்தான் போட வேண்டும். தமிழில் பெயர் கொடுத்தால் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும் என்பதால் ஆங்கில எழுத்தில் பெயர் வைக்க வேண்டியிருக்கிறது. அது எனக்கு மனதுக்குக் கஷ்டமாகவே இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டவுனில் பதிந்து வாங்கிய கசெட்டாலும், ஐந்நூறு பாட்டு நிரப்பி விற்கும் பென் டிரைவாலும் பாடியவருக்கு ஒரு சதம் போயிருக்காது. சந்தாவில் கொஞ்சமாவது போகிறது. புதுப்பாட்டு அதிகம் கேட்பவர்கள் சந்தா கட்டிக் கேளுங்கள், அது நியாயம். நான் நிறுத்தியதற்குக் காரணம், நான் கேட்பதில் பாதி அங்கே இல்லாதது, இருப்பதும் நாளைக்கு இருக்கும் என்ற உறுதி இல்லாதது. பிள்ளைகளுக்காக இலவசத்தில், விளம்பரத்தோடு இன்னும் ஓடுகிறது. மலைக்குப் போகும்போது பென் டிரைவ்.

நிறுத்திய காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து இரண்டாவது டிஸ்க் வாங்கினேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டியபோது பாட்டைப் பற்றி நினைக்க யாருக்கும் மனம் இருக்கவில்லை. பாதை திறந்த பிறகுதான், எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டைப் பார்த்துக்கொண்டு யோசித்தேன். இரண்டு டிஸ்க்கும் ஒரே அலுமாரியில் இருந்தன. அடுத்த ஞாயிறே ஒன்றை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு டப்பாவில் போட்டு, கொட்டகலையில் தங்கச்சி வீட்டில் கொண்டுபோய் வைத்தேன்.

63 கசெட்டில் 41 முடிந்திருக்கிறது. கூத்துக் கசெட் ஏழில் ஐந்து. மிச்சம் இரண்டிலும் பூஞ்சணம் அதிகம், வெயிலுக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.