குடியிருப்பவர்களைக் கேட்டறியும் சூப்பர்ஃபண்ட் நேர்காணல்: டுவாமிஷ் ஆற்றை முன்வைத்து ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் நச்சுக் கழிவு தேங்கிக் கிடக்கும் இடங்களைத் தூய்மைப்படுத்த 1980இல் இயற்றப்பட்ட சட்டத்தைச் ‘சூப்பர்ஃபண்ட்’ என்றே எல்லோரும் அழைக்கிறார்கள். மண்ணைத் தோண்டுவது, ஆற்று வண்டலை அள்ளுவது, நிலத்தடி நீரைச் சுத்திகரிப்பது என அதன் பெரிய வேலைகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அந்த வேலைகள் தொடங்கும் முன் அப்பகுதியில் குடியிருப்பவர்களைச் சந்தித்து, அவர்களுடைய கவலைகளைக் கேட்டறிந்து, அவர்களுக்கு எந்தத் தகவலை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்று திட்டமிடும் நேர்காணலைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. பொதுமக்களுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கும் ஒரு சேவையாகவே அதைக் கருதி, சியாட்டில் நகரின் டுவாமிஷ் ஆற்றை முன்வைத்து இங்கே மதிப்பிடுகிறேன்.

முதலில், இந்தச் சேவையில் என்ன கிடைக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏ பின்பற்றும் விதிகளின்படி, மாசு எவ்வளவு பரவியிருக்கிறது என்று ஆராயும் களப்பணி தொடங்குவதற்கு முன்பே, இயன்றவரை, உள்ளாட்சி அலுவலர்களையும் குடியிருப்பவர்களையும் பொதுநல அமைப்புகளையும் நேர்காண வேண்டும். அவர்கள் எப்போது, எந்த வகையில் பங்கேற்க விரும்புகிறார்கள் என்பதையும் அப்போதே கேட்க வேண்டும். அந்தப் பதில்களின் அடிப்படையில் மக்கள் பங்கேற்புத் திட்டம் ஒன்று எழுத்தில் தயாராகிறது. ஆய்வறிக்கைகளை யாரும் வந்து பார்க்கும்படி, அருகிலேயே ஓர் ஆவண இருப்பிடமும் ஏற்படுத்தப்படுகிறது. அவசரமாகக் கழிவை அகற்றும் பணிகூட 120 நாட்களைத் தாண்டும் என்று தெரிந்தால் நேர்காணல் நடத்தியாக வேண்டும்.

கேட்கப்படும் கேள்விகள் எளிமையானவை. இந்த இடத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும், எதை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள், கூட்டம் எந்தக் கிழமையில் எத்தனை மணிக்கு நடந்தால் வர முடியும், கடிதம் வேண்டுமா தொலைபேசி அழைப்பு வேண்டுமா, வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்ற வரிசையில் அவை செல்கின்றன. யாருடைய சொல்லை நம்புவீர்கள் என்ற கேள்வியையே நான் எல்லாவற்றிலும் முக்கியமானதாகக் கருதுகிறேன். முகமையின் சொல் எடுபடாத வீட்டில் தேவாலயத்தில் பார்க்கும் ஒருவரின் சொல்லோ பக்கத்து வீட்டுப் பெண்ணின் சொல்லோ எடுபடலாம் என்பதை இந்தக் கேள்வியைத் தவிர வேறு எதுவும் வெளிக்கொணராது.

டுவாமிஷின் கீழ்ப்பகுதியில் ஏறத்தாழ ஐந்து மைல் நீளம் 2001இல் சூப்பர்ஃபண்ட் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வளைந்து நெளிந்து ஓடிய ஆறு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பல்களுக்காக நேராக்கி ஆழப்படுத்தப்பட்டது. அதன் கரைகளில் விமானத் தொழிற்சாலை முதல் பலவகை ஆலைகள் வரை எழும்பின. பிசிபி என்ற தொழிற்சாலை வேதிப்பொருள், ஆர்சனிக், டையாக்சின் போன்ற நச்சுகள் வண்டலில் படிந்தன. கரையோரக் குடியிருப்புகளான சவுத் பார்க்கிலும் ஜார்ஜ்டவுனிலும் சராசரி ஆயுள், நகரின் வசதியான பகுதி ஒன்றைவிடப் பதின்மூன்று ஆண்டுகள் வரை குறைவு என்று 2013இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. டுவாமிஷ் பழங்குடியினரின் பூர்விக ஆறு இது. மக்கிள்ஷூட், சுக்வாமிஷ் பழங்குடிகளுக்கு அமெரிக்க அரசுடனான ஒப்பந்தப்படி உரிமையுள்ள மீன்பிடி நீரும் இதுவே. வியட்நாமிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்களும் இங்கே தூண்டில் போடுகின்றன.

நேர்காணலின் அருமை மீன் விஷயத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது. இங்கே நிரந்தரமாக வாழும் மீன்களையும் நண்டையும் சிப்பியையும் உண்ணக் கூடாது என்று சுகாதாரத் துறை எச்சரிக்கிறது. கடலில் வளர்ந்து ஆற்றைக் கடந்து மட்டும் செல்லும் சால்மனுக்கு அந்தத் தடை இல்லை. ‘இங்கே மீன் பிடிக்காதீர்கள்’ என்று பலகை வைத்தால் நல்ல மீனையும் மக்கள் இழப்பார்கள்; ஆங்கிலத்தில் நீண்ட எச்சரிக்கையை எழுதி வைத்தால் படிக்க வேண்டியவர்களால் படிக்க முடியாது. பிசிபி கொழுப்பில் சேரும் பொருள். நண்டின் சதையைவிட அதன் ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள் பகுதியில் அது கூடுதலாகச் சேர்கிறது. நண்டை ஓட்டோடு இடித்து ரசம் வைக்கும் நம் வீடுகளைப் போலவே, பல ஆசியச் சமையலறைகளிலும் அந்தப் பகுதியே சுவையின் உயிர். ஆகவே ‘நண்டு சாப்பிடுவீர்களா’ என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகும் அலுவலருக்குப் பாதி உண்மைதான் கிடைக்கும். எப்படிச் சமைக்கிறீர்கள், யாருக்குப் பரிமாறுகிறீர்கள், கருவுற்ற மகள் வீட்டுக்குக் கொடுத்து அனுப்புகிறீர்களா என்றும் கேட்பவருக்கே எச்சரிக்கையை எங்கே, யாரிடம் சொல்ல வேண்டும் என்பது விளங்கும்.

இதை இங்கே ஓரளவு நன்றாகவே செய்திருக்கிறார்கள். மீன்பிடிப்பவர்களை ஆற்றங்கரையிலேயே சந்தித்துக் கேட்ட ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. அதன் பிறகு சியாட்டில்–கிங் கவுண்டி பொதுச் சுகாதாரத் துறை, மீன்பிடிக்கும் சமூகங்களிலிருந்தே சிலரைப் பயிற்றுவித்து, அவர்கள் தங்கள் மொழியில் தங்கள் மக்களிடம் பேச வழிசெய்தது. செய்தியை எப்படிச் சொல்வது என்று தீர்மானிப்பதில் அந்தச் சமூகத்தினருக்கும் இடம் கொடுத்ததை நான் மனமாரப் பாராட்டுகிறேன். இது ஒருமுறை செய்து முடிக்கும் வேலையும் அல்ல. 342 மில்லியன் டாலர் மதிப்பீட்டில் 2014இல் முடிவான தூய்மைத் திட்டம் நிறைவேறிய பிறகும், இந்த ஆற்று மீனுக்கான எச்சரிக்கை தொடர வேண்டியிருக்கலாம் என்பதை இபிஏயின் முடிவே ஒப்புக்கொள்கிறது. வண்டலை அள்ளும் இயந்திரம் வேலையை முடித்துப் போன பின்னும் மக்களோடு பேசும் வேலை மிஞ்சும்.

குறைகளும் உண்டு, அவற்றில் இரண்டு பெரியவை. யாரை நேர்காண்பது என்பதை, ‘பொருத்தமானபடி’ என்ற சொல்லின் மூலம், விதியே அலுவலரின் முடிவுக்கு விட்டுவிடுகிறது. சங்கத் தலைவர்களும் வீட்டு உரிமையாளர்களும் எளிதில் கிடைப்பார்கள்; இரவுப் பணிக்குப் போகிறவரும் வாடகை வீட்டில் இருப்பவரும் குடியுரிமை ஆவணம் குறித்த அச்சத்தில் கதவைத் திறக்காதவரும் கிடைக்க மாட்டார்கள். நச்சை அதிகம் உட்கொள்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையினரே என்பதால், எத்தனை பேரைக் கண்டார்கள் என்பதைவிட யாரைக் காணவில்லை என்பதையே திட்ட ஆவணத்தில் நான் முதலில் தேடுவேன். அடுத்தது பதில் சொல்லும் கடமை. தூய்மைத் திட்டத்தின் வரைவு வெளியானதும் மக்கள் கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் தர வேண்டும், முக்கியமான கருத்துகளுக்கு எழுத்தில் பதிலளிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நேர்காணலில் சொன்னதற்கு அப்படி ஒவ்வொன்றாகப் பதில் தர வேண்டிய கட்டாயம் இல்லை. மனம்விட்டுப் பேசியவர் தம் சொல் எங்கே போயிற்று என்று அறியாமல் இருப்பது அடுத்த முறை கதவு மூடப்படுவதற்குப் போதுமான காரணம்.

காலமும் ஒரு சிக்கல். பட்டியலில் சேர்ந்ததிலிருந்து இறுதி முடிவு வரை இந்த ஆற்றுக்கு 13 ஆண்டுகள் ஆயின. வாடகை ஏற ஏறக் குடியிருப்பவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். தூய்மைப் பணியை வடிவமைக்கும் முன் மக்கள் பங்கேற்புத் திட்டத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்று விதி சொல்வது நல்லதே. ஆனால் பழைய தாளைப் புரட்டினால் மட்டும் போதாது, மறுபடி வீடுகளுக்குப் போக வேண்டும்.

குறைகளை மீறி ஐந்துக்கு நான்கு தருகிறேன். உங்கள் பகுதியில் இப்படி ஒரு நேர்காணலுக்கு அழைத்தால் தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். உங்களுக்கு வசதியான இடத்தையும் மொழியையும் கேட்டு வாங்குங்கள். பேசி முடித்ததும், எழுதப்படும் திட்டத்தின் பிரதி எங்கே கிடைக்கும் என்று விசாரியுங்கள். 1986இல் சட்டம் திருத்தப்பட்டபோது வந்த தொழில்நுட்ப உதவித்தொகையைப் பற்றியும் அப்போதே கேளுங்கள். குடியிருப்பவர்களின் குழு ஒன்றுக்குத் தொடக்கமாக 50,000 டாலர் வரை கிடைக்கும்; குழு தன் பங்காக மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பகுதியைப் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும், அதற்கு விலக்கும் கோரலாம். அந்தத் தொகையில் அமர்த்தும் ஆலோசகர், முகமையின் ஆய்வறிக்கைகளைப் படித்து மக்களுக்குப் புரியும்படி விளக்குவார். அதற்கான கூட்டத்தை, நேர்காணலில் மக்கள் கேட்ட நாளிலும் மொழியிலும் குழுவே நடத்திக்கொள்ளலாம்.